சியரா நெவாடாவில் துணிக் கூடாரம்: ஒரு குடும்ப முகாம் அனுபவம்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்களிடம் கோடை முகாம் என்று சொன்னால், பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்துவரும் கோடிங் வகுப்பும் சதுரங்க வகுப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். பெற்றோரும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்தே போய்க் காட்டுக்குள் தங்கும் குடும்ப முகாம்கள் இங்கே நூறாண்டுகளாக நடந்துவருவதும், அவற்றில் பலவற்றை நகராட்சிகளே ஏற்படுத்தின என்பதும், நான் பேசிப் பார்த்தவரை, நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை. பெர்க்லி நகரம் டுவாலமி ஆற்றின் தென்கிளைக் கரையில் 1922இல் தன் முகாமைத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் தரும் ஹெட்ச் ஹெட்சி அணையைக் கட்டிய தொழிலாளர்கள் தங்கியிருந்த இடமே பின்னாளில் அந்நகரத்தின் ‘கேம்ப் மேதர்’ ஆனது. சான் ஹோசேவுக்கும் அதே வட்டாரத்தில் ஒரு முகாம் உண்டு. ஓக்லாந்தின் முகாம் வடக்கே ஃபெதர் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. அந்தந்த ஊர்க்காரர்களுக்குக் கட்டணம் சற்றுக் குறைவு, ஆனால் வெளியூர்க்காரர்களும் பதிவு செய்துகொள்ளலாம்.

சியரா நெவாடா மலைத்தொடரில், நெடுஞ்சாலை 120இல் குரோவ்லேண்ட் என்ற சிற்றூரைத் தாண்டி, யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குச் சற்று முன்னால், ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கும் இத்தகைய முகாம் ஒன்றுக்குச் சென்ற ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு போய் வார இறுதியைக் கழித்தோம். கணவர், நான், பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன், அம்பாசமுத்திரத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் என் மாமியார் என ஐந்து பேர். எங்களில் எவரும் அதற்கு முன் அமெரிக்கக் காட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. இந்த வட்டாரத்து முகாம்கள் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், எங்கள் முகாமின் பெயரைவிட நாங்கள் கண்டறிந்தவை பயன்படும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. பகல் பொழுதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, ஆற்றுக் குளியல், மலையேற்றம், வில் எய்தல், பிள்ளைகளுக்குக் கைவேலை என்று காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எல்லாவற்றையும் முகாம்காரர்களே திட்டமிட்டு நடத்துகிறார்கள்; நீங்கள் மணியோசை கேட்டுப் போய் நின்றால் போதும். ஒன்பது மணிக்குப் பிறகு காலை வரையிலான பொழுதுதான் உங்கள் பொறுப்பு. மூட்டை கட்டும்போது பெரும்பாலோர் பகலை நினைத்துத்தான் கட்டுகிறோம்: நீச்சலுடை, தொப்பி, பந்து, பூப்பந்து மட்டை, மாற்றுத்துணி. அங்கே போய்த் திண்டாடுகிறவர்கள் எல்லாரும் இரவில்தான் திண்டாடுகிறார்கள்.

தங்குமிடம் எப்படியிருக்கும் என்பதை முதலில் விளக்குகிறேன். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரப்பலகைத் தளம். அதன்மேல் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த கித்தான் துணி. கதவு என்பதும் துணிதான். உள்பக்கம் இருக்கும் கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இரும்புக் கட்டில்களும், உட்கார்ந்தால் சத்தம் போடும் மெல்லிய பிளாஸ்டிக் மெத்தைகளும் உண்டு. மின்சாரம் கிடையாது. தலையணை, போர்வை, துண்டு எல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும். கழிப்பறையும் குளியலறையும் பொதுவானவை. எங்கள் கூடாரத்திலிருந்து சரிவான மண்பாதையில் ஐம்பது அறுபது எட்டு நடக்க வேண்டும். மாமியார் உள்ளே நுழைந்து கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கணவரிடம், “ஏய்யா, துட்டையும் குடுத்துட்டு இந்தத் துணி வீட்டுலயா படுக்கணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு அவரிடம் ஒரு பதிலும் இல்லை.

ஆனால் எங்கள் ஐவரில் இதற்குப் பழகியவர் மாமியார் ஒருவர்தான் என்பது பிறகுதான் புரிந்தது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற தென்மாவட்டத்துக் குடும்பங்கள், ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்கிவரும் வழக்கம் உண்டு. அந்த இடம் இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் கட்டுப்பாடுகள் இப்போது அதிகம். மாமியார் சிறுமியாக இருந்த காலத்தில் பாத்திரம் பண்டம், ஆடு கோழி சகிதம் போய்த் தங்கியிருக்கிறார்கள். ஆகவே இருட்டோ, காட்டுச் சத்தமோ, ஆற்றில் குளிப்பதோ அவருக்குப் புதிதல்ல. அவருக்குப் புதிதாக இருந்தவை இரண்டு: குளிர், கரடி.

முதலில் குளிர். ஜூன் மாதத்தில் அந்த உயரத்தில் பகலில் வெயில் முப்பது டிகிரி செல்சியஸ் வரை போகிறது. அதே இடத்தில் விடியற்காலையில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. காற்றில் ஈரமே இல்லாததால் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்த அரை மணி நேரத்தில் அந்த வேறுபாடு உடம்பில் தெரியும். கித்தான் துணி காற்றைத் தடுக்கிறது, குளிரைத் தடுப்பதில்லை. ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை, வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல பைகளில் அந்த எண், ஒருவர் சமாளித்துக்கொண்டு படுக்கக்கூடிய கீழ் எல்லையைத்தான் குறிக்கிறது, சுகமாகத் தூங்கும் அளவை அல்ல. எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலான குளிருக்கு ஏற்ற பையாக எடுத்தால் நிம்மதியாக உறங்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று கடைக்காரர்கள் எடுத்துச் சொல்லாதது. கட்டிலில் படுக்கும்போது குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வருகிறது. நம் எடை பட்டு, பைக்குள் இருக்கும் பஞ்சு முதுகுப் பக்கம் நசுங்கிப் போவதால் அங்கே சூட்டைப் பிடித்துவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கட்டிலுக்குக் கீழேயோ குளிர்ந்த காற்று தடையில்லாமல் ஓடுகிறது. மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டும் நடுங்குகிறவர்களுக்கு இதுவே காரணம். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பவானிச் சமுக்காளத்தை நாலாக மடித்து மெத்தையின்மேல் விரித்து, அதன்மேல் பையைப் போட்டுப் படுத்தார். முதலிரவு எங்களில் முழுத் தூக்கம் தூங்கியவர் அவர் ஒருவரே. மறுநாள் நாங்களும் காரில் கிடந்த பழைய போர்வை, யோகா விரிப்பு, துவாலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் முதுகுக்குக் கீழே போட்டோம். பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் உலர்ந்த காலுறையும் காதை மூடும் குல்லாவும் போட்டுவிடுவது அவசியம்; பகல் முழுக்க வியர்வையில் நனைந்த காலுறையோடு படுத்தால் எந்தப் பையும் காப்பாற்றாது.

கரடி விஷயத்துக்கு வருவோம். கலிபோர்னியாவின் கொடியில் இருப்பது கிரிஸ்லி கரடி. அந்த இனம் இந்த மாநிலத்தில் 1920களிலேயே அற்றுப்போயிற்று. இப்போது இருப்பவை எல்லாம் கருங்கரடிகள்தாம், நிறம் பழுப்பாக இருந்தாலும்கூட. அவை பொதுவாக மனிதரைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடித்தான் வருகின்றன. மோப்ப சக்தி அசாத்தியமானது, காரின் கதவைப் பெயர்த்துத் திறக்கும் பலமும் உண்டு. ஆகையால் முகாமில் மிகக் கண்டிப்பான விதி ஒன்றே ஒன்று: மணம் உள்ள எந்தப் பொருளும் கூடாரத்திலும் கூடாது, காரிலும் கூடாது. ஒவ்வொரு நாலைந்து கூடாரத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் ‘பேர் பாக்ஸ்’ என்றே சொல்கிறார்கள். அதன் தாழ்ப்பாள், மனிதக் கையின் விரல்கள் மட்டும் நுழையக்கூடிய குழிக்குள் இருக்கிறது. கரடியின் பாதம் அதற்குள் போகாது.

மணம் உள்ள பொருள் என்றால் நொறுக்குத் தீனி என்று மட்டும் நினைக்க வேண்டாம். பற்பசை, சோப்பு, ஷாம்பு, குழந்தையின் லோஷன், உதட்டுக்குப் பூசும் பசை, காலியான சிப்ஸ் பொட்டலம், காரில் பிள்ளையின் இருக்கைக்கடியில் விழுந்து கிடக்கும் முறுக்குத் துண்டு, எல்லாமே கணக்கில் சேரும். நம் வீட்டு மூட்டையில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும்: ஊறுகாய், பருப்புப் பொடி, கோடாலித் தைலம், தேங்காய் எண்ணெய், ஊதுபத்தி. வந்து இறங்கியதும் கூடாரத்துக்குள் பைகளைத் திறப்பதற்கு முன்னால், இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே இவற்றைப் பிரித்துவிடுவது உத்தமம். நாங்கள் வீட்டிலிருந்தே இவை எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனதால், இறங்கியதும் அதை அப்படியே தூக்கி உள்ளே வைக்க முடிந்தது. மாமியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது: “எண்ணெய் போத்தலப் பொட்டிக்குள்ள வச்சாச்சு. என் தலையில கெடக்க எண்ணெய எங்க வைக்க?” மகள் இதை மொழிபெயர்த்துக் கேட்டபோது, அங்கே வேலைபார்க்கும் கல்லூரிப் பையன் சிரிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாட்டில் உள்ளே இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னான்.

கரடியை நாங்கள் பார்க்கவில்லை. எலியைப் பார்த்தோம், உண்மையில் அதிகக் கவனம் வேண்டியது எலியிடம்தான். 2012 கோடையில் யோசெமிட்டிப் பூங்காவில் தங்கியவர்களில் பத்துப் பேருக்கு ஹான்டா வைரஸ் தொற்றி மூவர் இறந்தனர். பள்ளத்தாக்கில் இரட்டைச் சுவர் கொண்ட கூடாரங்களின் இடைவெளியில் மான் எலிகள் கூடுகட்டியிருந்ததே முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். எலியின் சிறுநீரும் எச்சமும் உலர்ந்து தூசியாகி மூச்சில் கலப்பதுதான் ஆபத்து. எனவே கூடாரத்தில் எலிப்புழுக்கை தென்பட்டால் நம் வழக்கப்படி உடனே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிடக் கூடாது. கதவுத் துணியை விலக்கி அரை மணி நேரம் காற்றோட விட்டு, கிருமிநாசினியோ பிளீச் கலந்த நீரோ தெளித்து ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு ஈரத் தாளால் துடைத்தெடுக்க வேண்டும். முகாம் அலுவலகத்தில் சொன்னால் அவர்களே வந்து செய்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள்.

இருட்டில் கழிப்பறைக்குப் போய்வருவது, வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய கவலை. பதிவு செய்யும்போதே காரணத்தைச் சொல்லி, குளியலறைக்கு அருகில், படி இல்லாத பாதையில் கூடாரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டுவலி என்று ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள். கைவிளக்கைவிட நெற்றியில் மாட்டும் ஹெட்லேம்ப் எவ்வளவோ மேல். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் துண்டு என்று போகும்போது டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆளுக்கொன்று வேண்டும், ஐந்து பேருக்கு இரண்டு என்று சிக்கனம் பிடித்தால், யாராவது ஒருவர் இருட்டில் கூடாரத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்க நேரும். அடுத்து, எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரி இருப்பதால் பாதித் தூக்கத்தில் திரும்பி வருகிற பிள்ளை அடுத்த கூடாரத்தின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிடும். பக்கத்து வரிசையில் இருந்த ஓர் அம்மாள், ஆண்டுதோறும் வருகிறவர், தன் கூடாரத்துக் கயிறுகளில் இருட்டில் ஒளிரும் குச்சிகளைக் கட்டியிருந்தார். என் மகனிடமும் நாலு குச்சிகளைக் கொடுத்தார். கயிற்றில் கால் இடறாமல் காப்பதற்கும் அதுவே உதவிற்று.

கித்தான் சுவரில் ஒலி தங்கு தடையில்லாமல் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் பேச்சுக் கூடாது என்பது விதி. ஆனால் தாழ்ந்த குரலில் தமிழில் பேசினால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்ற துணிச்சலில், பக்கத்துக் கூடாரத்துக் குறட்டையைப் பற்றி மாமியார் சற்று விரிவாகவே விமர்சனம் செய்துவிட்டார். காலையில் காபிக்கு வரிசையில் நின்றபோது அந்தக் கூடாரத்துக்காரர் அவரிடம் வந்து, “நைட்டு ரொம்பத் தொந்தரவு ஆயிடுச்சுங்களாம்மா?” என்று கொங்குத் தமிழில் கேட்டார். மில்பிடாஸில் இருக்கிறாராம், சொந்த ஊர் கோபிசெட்டிபாளையமாம். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் இரண்டு குடும்பமும் ஒன்றாகவே உட்கார்ந்தோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மாலை ஆறு மணிக்கு மணியடித்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் எட்டரை ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் அந்நேரத்தில் விளையாட்டு மும்முரத்தில் இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடும். ஒன்பதரைக்கு, கூடாரத்துக்குள் தின்பண்டம் எதுவும் வைக்க முடியாத நேரத்தில், பசி என்று அழும். இதைச் சமாளிக்கச் சிறந்த வழி, பல் துலக்கப் போகும் வழியில் இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு வாழைப்பழமோ ரொட்டியோ தின்ன வைத்து, குப்பையைக் கரடி திறக்க முடியாத தொட்டியில் போட்டு, பல் துலக்கி, நேராகப் படுக்கைக்கு அழைத்துப்போவது. மாலைச் சாப்பாட்டைச் சற்றுக் கண்டிப்பாகச் சாப்பிட வைப்பது அதைவிடச் சிறந்த வழி. அதற்கு, நாலு மணிக்குமேல் நொறுக்குத் தீனியை நிறுத்திவிட வேண்டும்.

சைவம் என்பதைப் பதிவுப் படிவத்தில் குறித்தால் மட்டும் போதாது. காய்கறி சூப்பில் கோழிச்சாறு கலந்திருக்கலாம், மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். முட்டையைச் சைவமாகக் கணக்கிடுவது இங்கே இயல்பு. முதல் வேளையிலேயே சமையற்கட்டுக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் நேரில் பேசிவிட்டால் மிச்ச வேளைகளுக்கு அவர்களே அடையாளம் காட்டிப் பரிமாறுகிறார்கள். இரவில் தணலைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் ஆசையாகச் சுட்டுத் தின்னும் மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்தது. சைவக் குடும்பங்கள் ஜெலட்டின் இல்லாத வகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போவது நல்லது. எல்லாப் பிள்ளைகளும் குச்சியோடு நிற்கும் நேரத்தில் நம் பிள்ளையிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்வது கடினம். கூடாரத்தில் சமைக்க அனுமதி இல்லை என்பதால் குக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெறும் சோறு ஒரு வேளை போட்டார்கள். எங்கள் பருப்புப் பொடிக்கு அன்று மேசையில் நல்ல வரவேற்பு. மாமியாருக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி வேண்டும், சாப்பாட்டுக் கூடத்தில் ஆறரைக்குத்தான் கிடைக்கும். இரவே நல்ல ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து, காபித்தூளோடு இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. முதுகில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெட்டியின் மூடியையே மேசையாக்கி அவர் காபி கலக்கியதைப் பார்த்து, அதே நேரத்துக்கு எழுந்துவரும் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் தன் கோப்பையை நீட்டிவிட்டார். இருவருக்கும் பொதுமொழி எதுவும் கிடையாது. சர்க்கரை எவ்வளவு என்பதை விரலைக் காட்டியே முடித்துக்கொண்டார்கள்.

நெருப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொசு உண்டு, அதுவும் ஜூனில் நிறைய உண்டு. ஆனால் கூடாரத்துக்குள் கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, விளக்கு எதையும் ஏற்றக் கூடாது. இந்த வட்டாரத்துக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2013 ஆகஸ்டில் ஒரு வேட்டைக்காரர் விதியை மீறி மூட்டிய தீ பரவி இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ‘ரிம் ஃபயர்’ என்று பெயர். மேலே சொன்ன பெர்க்லி முகாம் அதில்தான் சாம்பலாகி, 2022இல் மறுபடி திறந்தது. சாலை நெடுகக் கருகி நிற்கும் மரங்களையும், அவற்றுக்கடியில் இடுப்புயரம் வளர்ந்திருக்கும் புதர்களையும் இன்றும் பார்க்கலாம். கொசுவுக்கு டீட் அல்லது பிக்காரிடின் கலந்த பூச்சைப் பயன்படுத்தலாம். அதையும் படுக்கும் முன் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

ஆறு, பகல் நேர விஷயம்தான் என்றாலும் அதை முகாம்காரர்களிடம் முழுக்க விட்டுவிட முடியாது. ஜூன் மாதத்து ஆற்றில் ஓடுவது உருகிய பனி. கால் வைத்ததும் மூச்சு திணறும். தேய்ந்து வழவழத்த கருங்கல் பாறைகள் வேறு. உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள்தான் இறங்க வேண்டும், பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வாழ்நாளெல்லாம் தாமிரபரணியில் குளித்த மாமியார் கரையிலிருந்து கொஞ்ச நேரம் ஓட்டத்தைக் கவனித்துவிட்டு, கால் மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இறங்காத தண்ணீரில் என் கணவரும் இறங்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. செல்பேசிக்குச் சிக்னல் இல்லை; வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். என் மகள் முதல் மாலை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மறுநாள் அவள் எங்கே இருக்கிறாள் என்றே எங்களுக்குத் தெரியவில்லை, கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். பெரிய மருத்துவமனை சொனோராவில்தான், காரில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் காப்பீட்டுத் தாளும் மாத்திரைச் சீட்டும் அச்சுப்பிரதியாகவே கையில் இருக்கட்டும். மூன்று மூன்றாக இலைவிடும் பாய்சன் ஓக் செடியைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே அடையாளம் காட்டிவிடுங்கள். அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம், துணியில் ஒட்டினால் துணியைத் தொடுகிறவருக்கும் கொப்புளம். வீடு திரும்பியதும் முகாம் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டியதும் அதனால்தான். அன்றிரவே பிள்ளைகளின் தலைமயிர், காதுமடல் பின்புறம், இடுப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது எல்லாவற்றையும்விட முக்கியம். விரிகுடாப் பகுதியின் ஃபிரீமாண்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து கிளம்பினால் 580ஆம் சாலை நெரிசலிலேயே அந்தி சாய்ந்துவிடும். முன்பின் தெரியாத இடத்தில் இருட்டில் படுக்கை விரித்து, பெட்டி பிரித்து, அழுகிற பிள்ளைக்குக் காலுறை தேடிக்கொண்டிருந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டோம். மதியமே கிளம்பிவிடுங்கள். ஓக்டேலில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் பிரீஸ்ட் கிரேட் என்ற மலைச்சாலை சுமார் 1,500 அடி ஏறுகிறது. பழைய சாலை குறுகலும் செங்குத்துமானது, புதிய சாலை வளைவுகள் நிறைந்தது. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடலாம். இறங்கும்போது பழைய சாலையில் பிரேக் சூடேறிவிடும் என்பதால் புதிய சாலையிலேயே, குறைந்த கியரில், நிதானமாக வாருங்கள்.

எந்த மாதத்தில் போவது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. முழு வாரம் தங்க முடியாதவர்களுக்கான வார இறுதி இடங்கள், எங்கள் முகாமில் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் கிடைத்தன. ஜூன் தொடக்கத்தில் காடு பச்சையாக இருக்கும், ஆனால் ஆறு குளிராகவும் வேகமாகவும் ஓடும், கொசுவும் அதிகம். ஆகஸ்ட் கடைசியில் ஆறு இறங்கிப் பிள்ளைகள் குளிக்கத் தோதாகிவிடும், கொசுவும் குறைந்துவிடும். ஆனால் அதுவே காட்டுத்தீப் புகையின் காலம், எங்கோ எரிகிற தீயால் முகாமையே மூட நேரலாம். கணவர் ஆகஸ்ட் என்கிறார். என் மகனுக்கு மூச்சுத்திணறல் உண்டு என்பதால் நான் ஜூனிலேயே நிற்கிறேன். எந்த மாதமானாலும் பணம் கட்டும் முன், புகையால் மூடினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.